ஓட்டுபவர் அமரும் பக்கம்

பெர்த் நகரிலிருந்து ரங்கூன் வரை என் மனைவியின் தம்பி ஒரு பிஸ்கட் டப்பாவை மடியிலிருந்து இறக்காமலே கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டு மேசையில் வைத்து மூடியைத் திறந்தபோது பஞ்சுக்கு நடுவே இரண்டு கறுப்புக் கைப்பிடிகள் கிடந்தன. ஒன்று சிறியது, மற்றொன்று சற்றுப் பருமன். மிதிவண்டியின் கைப்பிடியை நிமிர்த்தி வைத்து, விரல்கள் பதிவதற்குப் பள்ளம் செதுக்கியது போன்ற தோற்றம்.

"பிஸ்கட்டுன்னு நெனச்சு சாயா போட்டுட்டேனேடா, தம்பி" என்றாள் என் மனைவி.

"லாத்தா, இது ஏரோப்ளேன்" என்றார் அவர் அக்காவிடம்.

"இவ்வளவுதானா?"

"பிடி மட்டுந்தான் இது. மிச்சம் வீட்டுக் கராஜ்ல நிக்குது."

என் மச்சான் மிங்கலாடோன் விமான நிலையத்தின் பட்டறையில் பல ஆண்டுகள் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். பிறகு குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தம் வீட்டுக் கார் கொட்டகையில், இருவர் அருகருகே அமரும் சிறு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் பரிசோதகர் வந்து பார்த்துக் கையொப்பம் இடுவார். கட்டுவது தகப்பன், ஓட்டப் போவது மகள். அந்தப் பெண் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவள். பெரிய மச்சானின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்ததால் தகப்பனும் மகளும் ரங்கூனுக்கு வந்திருந்தார்கள். அரசு அலுவலகங்களெல்லாம் வடக்கே புதிய தலைநகருக்குப் போய்விட்ட காலம் அது. எங்கள் கியாக்டடா பேட்டைத் தெருக்களில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருந்தது.

கைப்பிடிகள் என்னிடம் வந்ததற்குத் தக்க காரணம் உண்டு. மச்சானுக்குக் கிட்டத்தில் இருப்பது இப்போது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. எஞ்சினைக் காதால் கேட்டே பழுது சொல்லிவிடுவார். ஆனால் மயிரிழை போன்ற கம்பியை மிளகளவு பொத்தானில் பற்றவைக்க அவரால் இயலவில்லை. நானோ பௌதிகத்தில் பட்டம் பெற்று அதையே கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி என் கைபட்ட பிறகு ஒரு நாளும் கரகரத்ததில்லை என்பதை ஜமாஅத்தில் எவரும் சொல்வார். பெர்த்தில் கூலிக்குச் செய்து கொடுப்பவர்கள் இருந்தும் அவர் இங்கே கொண்டுவந்தார்.

"வீட்டுல கட்டுற ப்ளேன்ல வீட்டாள் கை படணும், மச்சான்" என்றார். "ஆனா ஒண்ணு. இதுல பொத்தானுக்கு ஓட்டை கிடையாது, நாமதான் போட்டுக்கணும். போட்டா போட்டதுதான். சின்னப் பிடி இவ கை அளவுக்குன்னு தேடி வாங்கினது. அந்த அளவை இப்ப செய்றதையே நிறுத்திட்டாங்க. இது போச்சுன்னா வேற இல்ல."

அவர் மகள் தன் கையை விரித்துக் காட்டினாள். பெரியவர்களின் பிடியை அவள் பற்றினால் கட்டைவிரல் உச்சிக்கு எட்டாது. சுங்கத்தில் அதிகாரி டப்பாவைத் திறந்து கேட்டபோது வீடியோ விளையாட்டின் பிடி என்று பர்மியத்தில் சொல்லிச் சிரித்துச் சமாளித்தவளும் அவளே.

மச்சான் ஒரு வரைபடம் தந்தார். சிறிய பிடி ஓட்டுபவருக்கு. அதன் முன்புறம், ஆள்காட்டி விரல் படும் இடத்தில், விமான நிலையக் கோபுரத்தோடு பேசும் பொத்தான். உச்சியில் கட்டைவிரலுக்கு எட்டும்படி, மூக்கை மேலும் கீழும், சிறகை இடமும் வலமும் சரிசெய்யும் நான்கு திசைச் சுவிட்ச். அதன் கீழே சிறகின் மடல்களை இறக்க ஒன்று, எஞ்சினைக் கிளப்ப ஒன்று. பருமனான பிடி பக்கத்தில் அமர்பவருக்கு. அதில் பேசும் பொத்தான் மட்டும் போதும். எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் இரு இருக்கைகளுக்கும் நடுவே இருக்கும் என்பதையும் வரைந்திருந்தார்.

"கட்டைவிரல் எங்க விழுதுன்னு நல்லாப் பார்த்துட்டு ஓட்டை போடுங்க" என்று சொல்லிவிட்டு, அழைப்பு வைப்பதற்காக மகளோடு மௌல்மீனுக்குப் புறப்பட்டார். திரும்பிவர நான்கைந்து நாளாகும் என்றார்.

நான் எந்தக் காரியத்தையும் அளக்காமல் தொடங்குபவன் அல்லன். கட்டைவிரல் விழும் இடம் கை இருக்கும் நிலையைப் பொறுத்தது. கையின் நிலை இருக்கையைப் பொறுத்தது. ஆகவே கழிவறை துடைக்கும் துடைப்பத்தின் கம்பை வெட்டி, அதன் தலையில் சின்னப் பிடியைச் செருகிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். கீழ்வீட்டில் ஒரு டாக்ஸிக்காரர் குடியிருந்தார். தாய் வழியில் பர்மியர், தகப்பன் வழியில் தமிழர். அவருடைய பழைய ஜப்பானியக் கார் தெரு ஓரத்தில் நின்றிருந்தது. அனுமதி கேட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கம்பை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினேன்.

ஆசிரியர்களைப் பர்மியர் அழைப்பது போல என்னைச் 'சயா' என்றே கூப்பிடும் அவர், சன்னலில் குனிந்து பார்த்தார். "சயா, ஸ்டேரிங் இருக்கு. அது பத்தாதுன்னு இது வேறயா?"

"விமானத்துக்கு."

"ப்ளேனுக்குத் துடைப்பக் கட்டையா?" அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "சயா, பின்சீட்டு காலியாத்தானே இருக்கு? மிங்கலாடோனுக்கு ஒரு ஆள் நிக்கிறார், ஏத்திக்கவா?"

பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வெளிநாட்டு விமானம் ஒன்றின் மின்வேலை இந்தத் தெருவில், என் மேசையில் நடக்கிறது என்பதை அவருக்கு விளக்கினேன். மறுநாளே அது தெரு முழுவதும் பரவியிருந்தது. பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்ததும் இருவர் வந்து விசாரித்தார்கள். பொத்தான்களின் வேலையை அவர்களுக்கும் எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு இந்த வேலையில் பிழை நேர்ந்தால் அது என் பெயரோடு நேரும் என்பது எனக்குத் தெரியும்.

காரில் அமர்ந்து பார்த்ததில் எல்லாம் பொருந்திவந்தது. இடக்கை நடுவிலிருக்கும் கியர்க் கம்பியில் படிந்தது. விமானத்தில் அந்த இடத்தில்தான் வேக நெம்புகோல். எனவே பிடியைப் பற்ற வேண்டியது வலக்கை. வலக்கையின் கட்டைவிரல் பிடியின் இடப்பக்கம் வளைந்து உச்சியில் விழுந்தது. அந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் குறியிட்டேன். என் கை பெரிது என்பதால், மச்சான் மகளின் கையைத் தாளில் வரைந்து வைத்திருந்த வடிவத்தைக் கொண்டு குறியைக் கீழே இறக்கினேன். பிறகுதான் துளையிட்டேன்.

பற்றவைப்பது மின்சாரம் வரும் வேளைக்குக் காத்திருக்க வேண்டிய வேலை. எங்கள் பகுதிக்கு முறைவைத்து மின்சாரம் விடுவார்கள். விளக்கு எரிந்ததும் தெரு நெடுக எல்லா மாடிகளிலிருந்தும் "மீ லாபீ!" என்ற கூச்சல் எழும்பும், மின்சாரம் வந்துவிட்டதைக் கொண்டாடும் கூச்சல் அது. மற்றவர்கள் தண்ணீர்ப் பம்பை நோக்கி ஓடுவார்கள். நான் சால்டரிங் இரும்பை நோக்கி நடப்பேன். என் மனைவி ஒரே ஒரு பிளக்குக்காக அரிசிக் குக்கரோடு என் எதிரே வந்து நிற்பாள்.

"ஏரோப்ளேன் பறக்குமா, பசி பறக்குமா, நீங்களே சொல்லுங்க" என்பாள்.

பிடியின் உட்புறம் குறுகலானது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு கம்பி விட்டால் கழுத்து வழியே இறங்காது. ஆகவே எல்லாப் பொத்தான்களின் ஒரு முனையையும் ஒரே கறுப்புக் கம்பியில் கோத்து, மறுமுனைக்கு மட்டும் தனித்தனி நிறம் கொடுத்தேன். ஒவ்வொரு இணைப்பின் மீதும் சூட்டில் சுருங்கும் மெல்லிய குழாய் போட்டேன். கம்பிகளை மெழுகு நூலால் இடைவெளி விட்டுக் கட்டினேன். அடியில் ஒரு வளையம் தளர விட்டேன். பிடி நான்கு புறமும் சாயும்போது கம்பி இழுபடக் கூடாதல்லவா? கடைசிப் பொத்தானையும் பொருத்தி, பிடியின் கழுத்தைப் பசையிட்டு மூடியபோது, வெளியே தெரிந்தது ஒரு ஒழுங்கான வால் மட்டுமே. நான் செய்த வேலைகளில் அதைக் காட்டிலும் நேர்த்தியான ஒன்றை என்னால் நினைவுகூர இயலவில்லை.

மௌல்மீனிலிருந்து அவர்கள் ஒரு டப்பா அல்வாவோடு திரும்பிய அன்று மாலை கூடத்தைத் தயார் செய்தேன். இரண்டு பிரம்பு நாற்காலிகளை அருகருகே போட்டேன். நடுவே மரப்பெட்டி ஒன்று; அதன் மேல் வேக நெம்புகோலுக்குப் பதிலாக ஒரு கரண்டி. ஒவ்வொரு நாற்காலியின் முன்னும் பலகையில் துளையிட்டுக் கம்பை நிறுத்தி, அதன் தலையில் பிடியைப் பொருத்தினேன். எதிரே அட்டையில், கார் மீட்டரில் எரியும் சிறு வண்ண பல்புகளின் வரிசை, பொத்தானுக்கும் திசைக்கும் ஒன்றாக. மின்தடைக்காக எல்லா வீட்டிலும் இருக்கும் கார் பேட்டரியே எங்கள் மின்சாரம். விமானத்தின் பேட்டரியும் அதே பன்னிரண்டு வோல்ட்தான் என்று மச்சான் மகிழ்ந்துபோனார். டாக்ஸிக்காரரும் வேடிக்கை பார்க்க மேலே வந்து வாசற்படியில் நின்றார்.

"பைலட் ஏறலாம்" என்றேன்.

மச்சான் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, துள்ளி வந்து இடப்பக்க நாற்காலியில் அமர்ந்தாள்.

"அது உன் வாப்பாவுக்கும்மா" என்றேன். "ஓட்டுறவங்க சீட் இந்தப் பக்கம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இல்ல மாமா. பைலட் சீட் லெஃப்ட்லதான்."

"காருக்குச் சொல்றியா?"

"காருக்கு ரைட். பெர்த்லயும் ரைட்தான். ப்ளேனுக்கு லெஃப்ட். எல்லா ப்ளேனுக்கும்." பிறகு அவள் கண் அந்தச் சின்னப் பிடியின் மேல் போயிற்று, வாய் திறந்தபடியே நின்றது. "அமலே!" என்றாள்; பதறும்போது பர்மியர் அம்மாவை அழைக்கும் சொல் அது.

மச்சான் குனிந்து சின்னப் பிடியை எடுத்துத் தம் இடக்கையில் பற்றினார். கட்டைவிரல் வழவழப்பான வெறும் பக்கத்தில் விழுந்தது. பொத்தான்கள் அத்தனையும் மறுபக்கத்தில், அவருடைய விரல்நுனிகளுக்கு அடியில் மறைந்து கிடந்தன.

"இடது பக்கம் உக்காந்தா நடுவுல இருக்கிற நெம்புகோலுக்கு வலது கை. பிடிக்கு இடது கை" என்றார் மெதுவாக. "மச்சான், நான் இதை உங்களுக்குச் சொல்லலையா?"

"இல்லை" என்றேன். "வரைபடத்திலும் இல்லை."

"இதைப் போய்ச் சொல்லணுமா? கேப்டன் லெஃப்ட்ல உக்காருவார்னு..."

"ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவார் என்பதையும் நான் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, மச்சான்."

எங்கள் நகரத்தை அறிந்தவர் எனக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். இங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஓட்டுபவரும் வலப்புறமே அமர்கிறார். முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமானால் இடப்பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, போகலாம் என்று சொல்ல வேண்டும். முன்பு இடப்புறமாக ஓடிய வண்டிகளை அரசு வலப்புறத்துக்கு மாற்றியபோதும் நாங்கள் இருக்கையை மாற்றவில்லை. இத்தனை உறுதியாக ஒரு நகரமே வலப்புறம் அமர்ந்திருக்கும்போது, வானத்தில் மட்டும் வேறு வழக்கம் என்று ஒருவர் தாமாக ஊகிக்க வேண்டும் என்பது நியாயமாகாது. இது அன்றும் என் வாதம், இன்றும் அதுவே.

வாசற்படியிலிருந்து டாக்ஸிக்காரர் என் துணைக்கு வந்தார். "சயா சொல்றது சரி. லெஃப்ட்ல உக்காந்தா எப்படி ஓட்டுறது? லெஃப்ட்ல உக்காந்தவன் காசுதான் குடுப்பான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் பிடியை மேசையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய், தெருவைப் பார்த்தபடி நின்றார். வேறு கிடைக்காத பொருள் அது. ஊர் திரும்பியதும் பரிசோதகர் வரவிருந்தார். மகளின் கைக்கு அடங்காத பிடியோடு அவளை மேலே அனுப்பத் தகப்பன் ஒப்ப மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆண்டுக்கணக்காக அவர் கட்டிய விமானம் என் துளை ஒன்றினால் தரையில் நிற்குமோ என்று நினைத்தபோது, என் வாதத்தின் வலிமை எனக்கே ஆறுதல் தரவில்லை. என் மனைவி சாயாக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்தவள், எங்கள் முகங்களைப் பார்த்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மச்சான் மகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. எழுந்து, மரப்பெட்டியைத் தாண்டிக் குதித்து, வலப்பக்க நாற்காலியில் போய் அமர்ந்தாள். பிடியைக் கம்பில் செருகி வலக்கையால் பற்றினாள். கட்டைவிரல் தானாகவே நான்கு திசைச் சுவிட்சின் மேல் போய் விழுந்தது. மேலே தள்ளினாள், சிவப்பு பல்பு எரிந்தது. கீழே, பச்சை. இடம், வலம். ஒவ்வொரு விளக்காகப் போட்டு அணைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையில் கரண்டியை முன்னே தள்ளியபடி, பிடியை மெல்லப் பின்னால் இழுத்தாள். அவள் தோள் சாய்ந்தது. எங்கள் கூடத்தில் அவள் விமானத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, இங்க வாங்க."

"வேணாம்மா."

"வாங்களேன்! நான் எந்தக் கையில எழுதுறேன்?"

"வலது கையில."

"எந்தக் கையில சாப்பிடுறேன்?"

"இதென்ன கேள்வி?"

"கத்துக்கிட்டதுல இருந்து இடது கையிலதான் ஓட்டுறேன். அதனாலதான் என் லேண்டிங் எல்லாம் டொக் டொக்னு விழுது." அவள் கண்ணைத் திறந்தாள். "இது எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா? வாப்பா, முன்னால மீட்டர் மாட்டுற பலகையை வெட்டியாச்சா?"

மச்சான் பால்கனியிலிருந்து தலையைத் திருப்பினார். "இல்ல. பரிசோதகர் வந்த பிறகு வெட்டலாம்னு..."

"அப்ப மீட்டரை எல்லாம் இந்தப் பக்கம் மாட்டுங்க. நான் ரைட்லயே உக்காருறேன்."

"எல்லாரும் லெஃப்ட்ல உக்காந்து ஓட்டுவாங்க, நீ மட்டும்..."

"கத்துக் குடுக்கிறவங்க ரைட்லதானே உக்காருறாங்க? ஹெலிகாப்டர் ஓட்டுறவங்களும் ரைட்லதான். கேட்டா, ரங்கூன் வண்டி, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போறேன்."

மச்சான் உள்ளே வந்தார். மகள் முன் குத்துக்காலிட்டு அமர்ந்து அவள் மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். கட்டைவிரலின் நிழல் பொத்தான்களின் மேல் எப்படி விழுகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிடியைத் திருப்பி, துளையின் ஓரத்தை நகத்தால் தடவினார். பின் கம்பியின் வாலை எடுத்து மெழுகு நூலின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணுவதைப் போலத் தொட்டுக்கொண்டே போனார். எஞ்சின் மெக்கானிக் ஒருவர் தம் விரலால் தொட்டுச் சோதிக்காத எதையும் பாராட்டுவதில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தபோது முகம் மாறியிருந்தது.

"பலகையை மாத்தி வரைஞ்சா எடை கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும்" என்றார். "சாயட்டும். என் எடை அந்தப் பக்கம் இருக்கு."

மகள் கையைத் தட்டினாள். என் மனைவி, "சாயா ஆறிப்போச்சு, ஆனாலும் குடிங்க" என்று தட்டை நீட்டினாள். டாக்ஸிக்காரர் தம் வாதம் வென்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டார். என் தோளைத் தட்டுவதற்குக் கை ஓங்கி, நான் யார் என்பது நினைவுக்கு வந்ததும் கையைத் தாழ்த்திக்கொண்டார். அவரை நானே உள்ளே அழைத்து நாற்காலி கொடுத்தேன்.

மச்சான் இடப்பக்க நாற்காலியில் போய் அமர்ந்தார். நாற்காலியின் கைகளைத் தடவிக்கொடுத்தார்.

"மிங்கலாடோன்ல எஞ்சின் ஓட்டிச் சோதனை பண்றப்போ இந்தப் பக்கந்தான் உக்காருவேன்" என்றார். "கேப்டன் சீட்டு. தரையிலேயே நிக்கிற ப்ளேன்ல எத்தனை வருஷம் கேப்டனா இருந்திருக்கேன் தெரியுமா, மச்சான்? பறக்கிறப்போ ஒரு நாளும் உக்காந்ததில்ல."

"இப்ப உக்காருங்க, கேப்டன்" என்றாள் மகள். "ஆனா எதையும் தொடக் கூடாது."

"பேசலாமா?"

"பேசுற பொத்தான் இருக்கே உங்களுக்கு. மாமா போட்டுக் குடுத்திருக்கார்."

அவர் பருமனான பிடியைப் பற்றி ஆள்காட்டி விரலை அழுத்தினார். வரிசையின் கடைசியிலிருந்த மஞ்சள் பல்பு எரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும் குரலில் கூப்பிட்டார்.

"மிங்கலாடோன் டவர், மிங்கலாடோன் டவர். ரெண்டு பேர், ஒரு டப்பா அல்வா. ரன்வே குடுப்பீங்களா?"

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தகப்பனும் மகளும் நேராக முன்னே பார்த்தபடி, உண்மையிலேயே ஓடுபாதையின் தலைப்பில் நிற்பவர்களைப் போலக் காத்திருந்தார்கள். அந்தப் பல்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நின்றேன்.

"ஓடுபாதை காலியாக இருக்கிறது" என்றேன். "புறப்படலாம்."